யாராலன்னு சொல்ல மாட்டா

வாங்க கண்ணு, வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. மாடியில முன்ன குடியிருந்தாளே நிரஞ்சனா, அவ காலையிலயே போன் பண்ணிட்டா. எங்கூட ஆபீஸ்ல வேல பாக்கற புள்ள, பேரு தேன்மொழி, மத்தியானம் மாடி வீட்டப் பாக்க வரும்னு. அதான் சோறு ஆக்கி வெச்சுட்டேன். சாப்ட்டுட்டு வந்தீங்களா? அதெல்லாம் ஆபீஸ் கேன்டீன் சோறு, வயித்துல நிக்காது. உக்காருங்க. அரிசிம்பருப்புச் சோறு சூடு ஆறிப்போச்சுன்னா நல்லா இருக்காது. மொதல்ல ரெண்டு வாய் சாப்பிடுங்க, அப்புறமேலு மாடிக்குப் போலாம். வீடு எங்கயும் ஓடிப்போயிறாது.

மாடி வீட்டுக்கு ஒரு கொறையும் கெடையாது. காத்து, வெளிச்சம், நல்ல தண்ணி, எல்லாம் இருக்குது. ஆனா தை மாசத்துல இருந்து பூட்டிக் கெடக்குது. வர்றவங்க எல்லாம் சுத்திப் பாக்கறாங்க, எங்கிட்டப் பேசிட்டு இருக்கறாங்க, அப்புறம் "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்"னு போறாங்க. போனவங்க போனவங்கதான். என்ன கலக்கறாங்களோ, இன்னும் கலந்து முடியல. மேல ஆளு நடமாட்டம் இல்லேன்னா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது கண்ணு. மறைக்கறதுக்கு என்ன இருக்குது, நீங்க குடி வரோணும்னு எனக்கு அவ்வளவு ஆச. முன்னறையில பேப்பர் படிக்கறாரே, பாத்தீங்கல்ல? எங்க வீட்டுக்காரரு நாச்சிமுத்து. பம்பு கம்பெனில போர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவருகிட்டப் பேசறதும் ஒண்ணுதான், அந்தச் செவுத்துகிட்டப் பேசறதும் ஒண்ணுதான். செவுராச்சும் பேப்பரத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்காது.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா கண்ணு? இன்னும் ஆகலையா? ஏன் ஆகல? சரி சரி, சாப்பிடுங்க, அது அப்புறம் பேசிக்கலாம்.

நிரஞ்சனா ஏன் இந்த வீட்ட உட்டுப் போனான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. இந்தத் தெருவுல வாய்க்குப் பூட்டுக் கெடையாது. அதனால நானே சொல்லிடறேன், என் வாயாலயே கேட்டுக்குங்க.

கல்யாணம் ஆன புதுசுல வந்தாங்க, அவளும் அவ புருசன் இசக்கிராஜ் தம்பியும். ரெண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கம். தம்பி ஆபீஸுக்குப் போயிரும். இவளுக்கு அப்ப வீட்ல இருந்தே வேல. காதுல ஒண்ண மாட்டிக்கிட்டு நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருப்பா. பாக்கவே பாவமா இருக்கும். அம்மா அப்பா பக்கத்துல இல்ல. சாப்ட்டாளா, தூங்குனாளான்னு கேக்க ஆளில்ல. நான் ஒருத்தி கீழ இருந்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கறது? மாடி வீட்டுக்கு எங்ககிட்டயும் ஒரு சாவி உண்டு, சாமி ரூம்ல தொங்கும். ஆத்திர அவசரத்துக்குத்தான். மழ தூறுனா துணி எடுக்கோணும். பால அடுப்புல வெச்சுட்டு மறந்துட்டாளான்னு பாக்கோணும். கொழம்புல உப்பு செரியா இருக்குதான்னு ஒரு சொட்டு நாக்குல உட்டுப் பாக்கோணும். அவசரம் என்ன, சொல்லிக்கிட்டா வருது?

ஒரு நாள் கொள்ளு ரசம் வெச்சேன். கிண்ணத்துல ஊத்தி எடுத்துக்கிட்டு மேல போனேன். கதவத் தட்டுனா அவ வேலைக்கு எடஞ்சலாப் போயிரும் பாருங்க. எனக்கு அந்த நாகரிகம் எல்லாம் தெரியும். அதனால சத்தமில்லாமப் பூட்டத் தொறந்து, மெதுவா நடந்து போய் அவ பின்னால நின்னேன். திரும்பிப் பாத்தவ நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டா. அப்புறம், "ஆன்ட்டி, எனக்குக் கொஞ்சம் அன்கம்ஃபர்ட்டபிளா இருக்கு"ன்னா.

நான் எட்டாவது வரைக்கும் படிச்சவதான், ஆனா இங்கிலீஷ் வார்த்த காதுல உழுந்தாப் புடிச்சு வெச்சுக்குவேன். புள்ளைக்கு எதோ சங்கடம். "ஏன் கண்ணு, எதனால? யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?"ன்னு கேட்டேன். "இல்ல ஆன்ட்டி, சும்மா, ஜஸ்ட்..."ன்னு இழுத்தா. அவ்வளவுதான். யாராலன்னு சொல்ல மாட்டா.

இந்த வார்த்தைங்களப் பத்தி நான் ஒண்ணு கண்டுபுடிச்சு வெச்சிருக்கேன், கேக்கறீங்களா? நம்ம பேச்சுல "எனக்கு எரிச்சலா இருக்குது"ன்னு சொல்லுங்க, உடனே "எவன் மேல?"ன்னு கேப்பாங்க. "மனசு நோகுது"ன்னா "நோகடிச்சது யாரு?"ம்பாங்க. அப்புறம் ஓரியாட்டந்தான், சண்டையில தெருவே கூடிரும். இங்கிலீஷ்ல சொல்லிட்டா ஆளே வர மாட்டான். மேகமாட்டம் சும்மா மேல நின்னுக்கும், யாரு தலையிலயும் பேயாது. படிச்ச புள்ளைங்க அதுக்குன்னே அத வெச்சிருக்குதுங்க. பேசுன மாதிரியும் ஆச்சு, யாரையும் சொல்லாத மாதிரியும் ஆச்சு. ஆனா நானு உடுவேனா? ஒரு வெசனம்னு இருந்தா அதுக்குக் காரணமா ஒரு ஆளு இருந்துதானே ஆகோணும்? அந்த ஆளு யாருன்னு கண்டுபுடிக்காம ஓயறதில்லைன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

ஏன் கண்ணு நெளியறீங்க? ஃபேன் வெச்சு உடட்டுமா? இந்தத் தோடு தங்கமா, கவரிங்கா? இருங்க, தொட்டுப் பாக்கறேன். நல்லா இருக்குது.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம. வத்தல் காயப்போட மொட்ட மாடிக்குப் போகோணும். அதுக்குப் படி அவங்க ஹாலுக்குள்ளாறதான் போகுது, நீங்களே பாக்கப்போறீங்க. கதவத் தொறந்தா, தம்பி அவ மடியில தல வெச்சுப் படுத்திருக்குது. ரெண்டு பேரும் துள்ளி எந்திரிச்சாங்க. நான் என்ன அந்நிய மனுசியா? "படுத்துக்குங்க, படுத்துக்குங்க, நான் வத்தல் போடத்தான் வந்தேன்"னு சொல்லிட்டு மேல போனேன். திரும்பி வர்றப்ப ரெண்டும் ஆளுக்கொரு மூலையில நிக்குதுங்க. அவ சொல்றா, "ஆன்ட்டி, இது கொஞ்சம் ஆக்வர்டா இருக்கு."

அடுத்த வார்த்த வந்துருச்சு பாத்தீங்களா? நான் தம்பியப் பாத்தேன். தம்பி தலையத் தொங்கப் போட்டுக்கிச்சு. குத்தம் உள்ளவந்தானே தல குனிவான்? ஓகோ, ஆளு இவந்தான்னு புடிச்சுட்டேன். மறுநாள் ஆபீஸுக்குப் போறப்ப கேட்டுல மறிச்சு, "தம்பி, கட்டிக்கிட்டு வந்த புள்ளைய மனசு நோகாம வெச்சுக்கோணும்"னேன். அது முழிச்சுது. "நான் ஒண்ணும் பண்ணலையே ஆன்ட்டி"ன்னுச்சு. "நீ இல்லேன்னா பின்ன யாரு? நீயே சொல்லு"ன்னேன். அது என்னயவே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னுச்சு. "தெரியல ஆன்ட்டி"ன்னு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. பொண்டாட்டிய நோகடிக்கறவன் எவன் ஒத்துக்கறான்?

சந்தேகம்னு வந்தாக் கண்காணிக்கோணும்ல? சாயங்காலம் தம்பி வந்ததும் நானும் மேல போயிருவேன். சோபாவுல ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துக்குவேன். நடுவுல ஆளிருந்தாச் சண்ட வராது பாருங்க. சத்தியமாச் சொல்றேன், நான் இருந்த வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கல. அவ்வளவு அமைதி. ஆனாலும் அவளுக்குத் தீரல. "அன்ஈஸியா இருக்கு ஆன்ட்டி, நான் போய்ப் படுத்துக்கறேன்"ம்பா. அன்ஈஸின்னா நெஞ்சுல வர்றதுதானே, வாயுவா இருக்கும்னு ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்தேன். குடிச்சாளான்னு பாக்க மறுபடியும் போனேன். குடிக்கல. உக்காத்தி வெச்சுக் குடிக்க வெச்சேன்.

இன்னொரு நாள் அவ போன்ல அவங்க அம்மாகிட்டப் பேசிட்டு இருக்கறா. நான் கதவுக்கு வெளிய படியக் கூட்டிட்டு இருந்தேன், காதுல தானா உழுந்துச்சு. "சஃபகேட்டிங்கா இருக்கும்மா, இந்த வீட்ல"ங்கறா. பெத்த அம்மாகிட்டக்கூட யாராலன்னு சொல்ல மாட்டேங்கறா, பாத்துக்குங்க! மூச்சு முட்டறதுன்னு அர்த்தம், பக்கத்து வீட்டுக் காலேஜுப் புள்ளைகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். விடியக்காலத்துலயே போய் எல்லா ஜன்னலையும் தொறந்து உட்டேன். அவங்க ரூம் ஜன்னலு உட்பட.

இந்த எடத்துல எங்க வீட்டுக்காரரு வாயத் தொறந்தாரு. அதிசயமா இருந்துச்சு. "சுலோச்சனா, மோட்டாரு சூடேறிப் போச்சுன்னா மோட்டாரையே பாத்துட்டு இருக்கக்கூடாது. சுச்சு போட்டு உட்டது யாருன்னும் பாக்கோணும்"னாரு. நான் புள்ளையப் பத்திச் சொல்லிட்டு இருக்கறேன், இவரு பம்பப் பத்திப் பேசறாரு. ரிட்டையர் ஆயும் புத்தி அந்தப் பட்டறையிலதான் நிக்குது.

இன்னும் ஒரு கரண்டி வெக்கறேன். வேண்டாமா? வாய் வேண்டாங்குது, வயிறு வேணுங்குது, எனக்குத் தெரியாதா?

கடைசியில அவ வந்து எங்கிட்டயே சொன்னா. வெள்ளிக்கெழம மத்தியானம் அவளுக்கு ஒரு பெரிய போன் இருக்குதாம். கம்ப்யூட்டர்ல மூஞ்சி பாத்துப் பேசறது. வெளிநாட்டுல இருந்து பெரிய ஆபீஸருங்க கேள்வி கேப்பாங்களாம், டீம் லீடர் வேலைக்கு. ரெண்டு வருசமா அதுக்குத்தான் ஒழைக்கறாளாம், இது போச்சுன்னா இனி எப்போ வருமோ தெரியாதாம். "ரொம்ப ஆங்ஷியஸா இருக்கு ஆன்ட்டி. அன்னைக்கு மட்டும்... ப்ளீஸ்"னு கையப் புடிச்சுக்கிட்டா. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. எவ்வளவு நம்பிக்க இருந்தா எங்கிட்ட வந்து உதவி கேப்பா! "நீ கவலையே படாத, நான் பாத்துக்கறேன்"னேன். அவ மூஞ்சி அப்படியே வெளுத்துப்போச்சு. சந்தோசத்துல.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. புழுக்கமும் இல்ல, வாயுவும் இல்ல, தம்பியும் இல்ல. இது திருஷ்டி. படிச்ச புள்ள, நல்ல வேல, கண்ணுக்கு அழகா இருக்கறா, ஊரு கண்ணு சும்மா இருக்குமா? வெள்ளிக்கெழம, நல்ல நேரம், அவ பேசப்போற நேரமாப் பாத்துச் சாம்பிராணி போட்டாத்தான் வேல செய்யும்னு முடிவு பண்ணுனேன். "மூச்சு முட்டறவளுக்கு எதுக்குப் பொக?"ன்னாரு இவரு. திருஷ்டிக்குங்க, திருஷ்டிக்குன்னு சொல்லிட்டுத் தூபக்கால எடுத்தேன்.

நல்லாக் கங்கு புடிச்சிருந்துச்சு. ஒரு கை நெறைய அள்ளிப் போட்டேன், கஞ்சத்தனம் பண்ணல. கதவத் தொறந்து மூல மூலையாக் காட்டிட்டு அவகிட்ட வந்தேன். அவ கம்ப்யூட்டர்ல நாலஞ்சு வெள்ளக்காரங்க. இங்கிலீஷு அருவியாட்டக் கொட்டறா, எனக்குப் பெருமையா இருந்துச்சு. தலையச் சுத்தி மூணு தடவ காட்டுனேன். பொகையில அவ மூஞ்சியே மறைஞ்சு போச்சு. அந்தப் பக்கத்துல இருந்து ஒரு பொம்பள "ஃபயர், ஃபயர்"னு கத்தறா. ஒருத்தன் எந்திரிச்சே நின்னுட்டான். பாவம், பயந்துட்டாங்க. நான் குனிஞ்சு மூஞ்சியக் காட்டி, "நோ ஃபயர். சாம்பிராணி. ஹவுஸ் ஓனர்"னு சொல்லிக் கையக் காட்டுனேன். அவங்களும் கையக் காட்டுனாங்க. நல்ல மனுசங்க.

அவ இருமிக்கிட்டே பேசி முடிச்சா. கம்ப்யூட்டர மூடுனா. எந்திரிச்சா. எனக்கு நேரா வந்து நின்னா.

"என்னத்த நெனச்சுக்கிட்டு இருக்கிய நீங்க?"ன்னா. "கதவத் தட்டணுங்கற கூறு வேண்டாமா ஒரு மனுசிக்கு? சொல்லாம கொள்ளாம வாறிய, சட்டியத் தொறந்து பாக்கிய, புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல வந்து உக்காருதிய! ஒரு வருசமா நானும் எத்தன விதமாச் சொல்லுதேன், உங்க மண்டையில ஏறவே மாட்டேங்குது! உங்களாலதான்! எல்லாம் உங்களாலதான்! மொதல்ல வெளிய போங்க!"

போனேன். கீழ வந்து படியில உக்காந்தேன். அழுதேன் கண்ணு, பொய் சொல்லக்கூடாது. நான் வளத்த புள்ளையாட்ட நெனச்சவ இப்படிச் சொல்லிட்டாளேன்னு. எங்க வீட்டுக்காரரு வந்து பக்கத்துல நின்னு, "என்ன, தேடிட்டு இருந்த ஆளு கெடச்சுட்டாளா?"ன்னாரு. அன்னைக்கு அவருக்குக் காப்பி கெடையாது.

ஆனா அழுது முடிச்சப்புறம் யோசிச்சுப் பாத்தேன். என்ன திட்டு அது! ஒரு இங்கிலீஷ் வார்த்த உண்டா? ஒரு ஆன்ட்டி உண்டா? அவங்க ஊருப் பேச்சுல, அவங்க ஆத்தாள எப்படித் திட்டுவாளோ அப்படித் திட்டுனா. எல்லாம் உங்களாலதான்னு சொன்னது கோவத்துல வந்தது, அத உடுங்க. கோவத்துல ஆயிரம் வரும். வேத்தாளுகிட்டப் பேசறப்பத்தான் அன்கம்ஃபர்ட்டபிள், ஆக்வர்டு எல்லாம். சொந்தத்துக்கிட்டத்தான் "கூறு இருக்கா"ன்னு கேக்கத் தோணும். ஒரு வருசமா என்ன என்னமோ குடுத்துப் பாத்தேன், கொள்ளு ரசத்துக்கு எறங்காத வெசனம் ஒரே திட்டுல எறங்கிப்போச்சு அவளுக்கு.

மறுநாள் கண்ணு வீங்கிப்போய்க் கீழ வந்தா. "சாரி ஆன்ட்டி, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது"ன்னா. "சாரி கீரின்னு திரும்பவும் இங்கிலீஷுக்குப் போயிராத. இன்னும் பாக்கி இருந்தாத் திட்டிக்க, உக்காரு"ன்னேன். அவ என்னயப் பாத்தா. சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதா. அப்புறம் ரெண்டு தட்டு அரிசிம்பருப்புச் சாப்ட்டா. அந்த வேலையும் கெடச்சுருச்சு, உங்களுக்குத்தான் தெரியுமே, இப்ப உங்களுக்கே அவதானே டீம் லீடரு? பொகைக்கு நடுவுல ஒரு வார்த்த தடுமாறாமப் பேசுனாளே, அவளுக்குத்தான் குடுக்கோணும்னு அந்த வெள்ளக்காரங்க சொன்னாங்களாம். சாம்பிராணி போட்டது வீண் போகல.

தை பொறந்ததும் வீடு மாறிட்டாங்க. பெருசா வீடு வேணும்னாங்க. அடுத்த தெருதான். நான் போய்ப் பாத்தேன், நம்ம வீட்ல பாதிகூட இல்ல. பாத்ரூம் திரும்ப எடமில்ல. ஹவுஸ் ஓனரு துபாயில இருக்கறாராம், அது ஒண்ணுதான் அந்த வீட்டப் பத்தி அவ பெருமையாச் சொன்னது. எதுக்கு அந்தப் பெரும, எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. ஆனா பாருங்க, ஊருல இத்தன வீடு இருக்க அடுத்த தெருவுலயே பாத்துக்கிட்டா. என்னய உட்டுத் தூரமாப் போக மனசு வரல.

இப்ப ஞாயித்துக்கெழமன்னா இங்கதான். கேட்டத் தொறந்து நேரா அடுப்படிக்கு வருவா, மூடியத் தொறந்து பாப்பா, "இதுல என்னத்துக்கு இவ்வளவு புளி?"ம்பா. மாமியா ஊருல இருந்து வந்துட்டா அந்தக் கத பூரா எங்கிட்டத்தான். அப்பவும் ஒரு இங்கிலீஷ் வார்த்த வராது. யாரு என்ன பண்ணுனாங்கன்னு பேரச் சொல்லிச் சொல்லித் திட்டுவா. எனக்குக் கேக்கக் கேக்க அவ்வளவு சந்தோசமா இருக்கும்.

வீட்டு மேல அவளுக்கு இன்னும் எவ்வளவு அக்கறைங்கறீங்க! போன ஞாயித்துக்கெழம வந்தப்ப எங்க சாமி ரூம்ல இருந்த சாவியக்கூட, "இது எங்கிட்ட இருக்கட்டும், குடி வாறவங்ககிட்ட நானே குடுத்துக்கிடுதேன்"னு வாங்கி வெச்சுக்கிட்டா. உங்ககிட்டக் குடுத்துட்டாளா? அவ சாவி, எங்க சாவி, ரெண்டுமேவா? சரி. சரி. உங்க பையிலயே இருக்கட்டும். நான் என்ன, மழ வந்தாத் துணி எடுக்கத்தானே கேட்டேன்.

இந்தாங்க, கடைசியா ஒரே ஒரு கரண்டி. நெய் ஊத்திப் பெசஞ்சு பாருங்க, அப்பத்தான் தெரியும். ஆமா, கேக்க மறந்துட்டேன், கல்யாணம் ஏன் ஆகலைன்னீங்க? ஜாதகத்துல எதாச்சும்... அட, கைய எடுங்க கண்ணு, நெய் கையில கொட்டிரும். எடுங்கன்னா...

என்ன?

என்ன சொன்னீங்க? போதும்னு எத்தன தடவ சொல்றது, காது என்ன செவுடாப் போச்சாங்கறீங்களா? வந்ததுல இருந்து ஒரு வாய் நிம்மதியாச் சாப்பிட உட்டீங்களாங்கறீங்களா? கல்யாணத்தப் பத்தி இன்னொரு தடவ கேட்டாத் தட்டோட எந்திரிச்சுப் போயிருவீங்களா?

அடேயப்பா.

இது நிரஞ்சனா சொல்லிக் குடுத்து அனுப்புனதுதானே? நெசமாச் சொல்லுங்க. இல்லையா? உங்களுக்கே வந்துச்சா?

ஏனுங்க! அந்தப் பேப்பர அப்படி வெச்சுட்டு மோட்டாரப் போட்டு மேல தண்ணி ஏத்தி உடுங்க! இந்தப் புள்ள குடி வருது!